வெறுங்கம்பியிலிருந்து தொடங்குங்கள்



இந்த இதழைச் சற்றே கீழே வைத்துவிட்டுத் தரையில் சம்மணமிட்டு அமருங்கள். பிறகு, தரையிலோ சுவரிலோ முழங்காலிலோ கையை ஊன்றாமல் எழுந்து பாருங்கள். முடிகிறதா? முடிந்தவர்கள் மகிழலாம். முடியாதவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. இரண்டாண்டுகளுக்கு முன்பு வரை நானும் உங்களில் ஒருவனே.

மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் எனக்குக் காலையும் மாலையும் தரையில்தான் இருக்கை. நாற்பதைக் கடந்த பின், பாடம் முடிந்து எழும்போதெல்லாம் என் கை தானாகவே சுவரைத் தேடலாயிற்று. வயதாகிவிட்டது என்று சொல்லிக் கொண்டேன். அதற்கு மேல் அதைப் பற்றி எண்ணவில்லை.

ஓர் இரவு உம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார்கள். ஓடிச் சென்று தூக்க முயன்றேன், இயலவில்லை. மீண்டும் முயன்றேன், என் முதுகுதான் வளைந்தது. "முடியலேன்னா விட்டுடு வாப்பா, பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடு" என்றார்கள், அந்த வேதனையிலும் என் மனம் நோகாதபடி. அல்ஹம்துலில்லாஹ், எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் என்னைச் சுமந்த தாயைத் தூக்க என் கைகளுக்கு வலுவில்லை என்ற உண்மை அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

மறுவாரமே ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். அங்கே என் மாணவர்களின் வயதொத்த இளைஞர்கள் பெரிய பெரிய இரும்புத் தட்டுகளைப் பூட்டித் தூக்கிக் கொண்டிருந்தார்கள். அவர்கள் முன் சிறிய தட்டை எடுக்க என் மனம் இடந்தரவில்லை. மூன்றாம் நாள், தரையிலிருந்த கம்பியை ஒரே மூச்சில் இழுத்தேன். இடுப்பு பிடித்துக் கொண்டது. பத்து நாட்கள் படுக்கை! என்னைக் கிடத்தியது இரும்பன்று, என் பெருமையே.

மருத்துவர் அனுமதித்த பின் வேறொரு பயிற்சியாளரிடம் சென்றேன். என் கதை முழுவதையும் கேட்டவர் சிரித்தார். "ஹஜ்ரத், ஓத வர்ற பிள்ளைக்கு முதல் நாள் என்ன சொல்லித் தருவீங்க?" என்றார். "அலிஃப்" என்றேன். தட்டுகள் ஏதும் பூட்டாத கம்பியைக் காட்டி, "இதுதாங்க இங்கே அலிஃப்" என்றார்.

கனமான எடையைத் தூக்கும் பயிற்சியில் புதியவர் கற்க வேண்டிய பாடம் இதுவே. கனம் என்பது போய்ச் சேருமிடம், தொடங்குமிடமன்று. இலகுவாகத் தொடங்கி, சிறிது சிறிதாக, ஆனால் தவறாமல் கூட்டிச் செல்வதே முறையாகும்.

இம்முறை புதிதன்று. கிரேக்க வீரர் மிலோ, ஒரு கன்றுக்குட்டியை நாள்தோறும் தோளில் சுமந்து, அது காளையாக வளர்ந்த பின்பும் சுமந்தார் என்பது பழங்கதை. அதை மருத்துவமாக்கியவர் அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம். இரண்டாம் உலகப் போரில் காலில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகாகோ நகரின் இராணுவ மருத்துவமனையில் அவர் எடை தூக்கும் பயிற்சி அளித்தார். தசை வலுப்பெறப் பெற எடையையும் கூட்டினார். தம் அனுபவத்தை 1945-இல் மருத்துவ இதழொன்றில் வெளியிட்டார். நோயாளி அசையாது கிடக்க வேண்டுமென்று கருதப்பட்ட காலம் அது!

சரி, நாம் எவ்வாறு தொடங்குவது?

போட்டிகளில் பயன்படும் பார்பெல் கம்பியின் எடை ஆடவருக்கு 20 கிலோ, மகளிருக்கு 15 கிலோ. சிறிய கூடங்களில் இது மாறுபடும். எடை போட்டுப் பார்த்துக் கொள்ளுங்கள். அதுவும் கனமாக இருந்தால் டம்பெல்லோ வெறும் மூங்கில் கழியோ போதும்.

முதற் பயிற்சி ஸ்குவாட். கம்பியைத் தோள்களின் பின்புறம் தாங்கிப் பஸ்கி எடுப்பதுதான் அது. குதிகால் தரையை விட்டு எழக்கூடாது. முழங்கால் கால்விரல் நோக்கும் திசையிலேயே செல்ல வேண்டும். தொடை தரைக்கு இணையாகும் வரை இறங்கி எழ வேண்டும். இரண்டாவது டெட் லிஃப்ட். தரையிலுள்ள கம்பியை நிமிர்ந்து நிற்கும் வரை தூக்குதல். கம்பி காலை ஒட்டியே வர வேண்டும். முதுகு கூனக் கூடாது. பெரிய தட்டுகள் பூட்டினால் கம்பி தரையிலிருந்து ஏறத்தாழ 22 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். வெறுங்கம்பியோ தரையோடு கிடக்கும். ஆகவே தொடக்கத்தில் பலகைகளை அடுக்கி அந்த உயரத்திற்குக் கொண்டு வாருங்கள். இதை அறியாமல் குனிந்து இழுத்தவன்தான் நான். மூன்றாவது, நின்றவாறு கம்பியைத் தோளிலிருந்து தலைக்கு மேல் உயர்த்துதல். நான்காவது, பெஞ்சில் மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேல் உயர்த்தும் பெஞ்ச் பிரஸ். இதைத் துணையாள் இன்றி ஒருபோதும் செய்யாதீர்கள்.

ஞாயிறு, செவ்வாய், வியாழன் என வாரத்தில் மூன்று நாட்கள் போதும். ஸ்குவாட் ஒவ்வொரு நாளும் உண்டு. மற்றவற்றை மாற்றி மாற்றிச் செய்யலாம். ஐந்து முறை தூக்குவது ஒரு சுற்று. இவ்வாறு மூன்று சுற்றுகள். டெட் லிஃப்ட் மட்டும் ஒரே சுற்று. சுற்றுகளுக்கிடையே மூன்று நிமிடங்களேனும் ஓய்வெடுங்கள். எடை கூடிய பின்னும், முதலில் வெறுங்கம்பியால் இரண்டு சுற்றுகள் செய்து உடலைச் சூடேற்றிய பிறகே அன்றைய எடைக்குச் செல்லுங்கள்.

ஐந்தாவது தூக்கலும் முறை பிசகாமல் முடிந்தால், அடுத்த நாள் இரண்டரைக் கிலோ கூட்டுங்கள். அற்பமாகத் தோன்றுகிறதா? 20 கிலோவில் தொடங்கும் ஸ்குவாட் பதின்மூன்றாம் நாளில் 50 கிலோவைத் தொடும்! தலைக்கு மேல் உயர்த்தும் பயிற்சி இவ்வளவு விரைவாக ஏறாது. அதற்குச் சிறிய தட்டுகளைத் தேடிக் கொள்ளுங்கள். ஓர் எடையில் தடுமாறினால் அங்கேயே நில்லுங்கள். தேவையானால் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து மீண்டும் ஏறுங்கள். எனக்குக் குறைக்க வேண்டிய நாட்கள் பல வந்தன. ஸ்குவாட்டில் 60 கிலோவை அடைய நான்கு மாதங்கள் ஆயின.

முதற் சில வாரங்களில் வலிமை கூடினும் உடல் பருத்திருக்காது. இருக்கின்ற தசைகளை ஒன்றுசேர இயக்க நரம்புகள் கற்றுக் கொள்ளும் காலம் அது. தசை வளர்ச்சி மெல்லப் பின்தொடரும். கண்ணாடியைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள்.

"இதெல்லாம் இளைஞர்களுக்கானவை" என்போருக்கு ஒரு செய்தி. 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த தொண்ணூறு வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் எடைப் பயிற்சி அளித்த ஆய்வு வெளிவந்தது. பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது.

சகோதரிகளே! எடை தூக்கினால் ஆண்களைப் போல் ஆகிவிடுவோம் என்று அஞ்சாதீர்கள். தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் உங்களிடம் மிகக் குறைவு. ஆனால் மாதவிலக்கு நின்ற பின் எலும்பு தேயும் ஆபத்தோ உங்களுக்கே மிகுதி. ஆஸ்திரேலியாவில் எலும்பு வலுவிழந்த, 58 வயதைக் கடந்த நூற்றுக்கு மேற்பட்ட பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் நேரடிக் கண்காணிப்பில், வாரம் இருமுறை, அரை மணி நேரம் கனமான எடையைத் தூக்கினர். எட்டு மாதங்களில் அவர்களது இடுப்பு முதுகெலும்பின் அடர்த்தி 2.9 விழுக்காடு கூடியது. இலகுவான பயிற்சி செய்த மற்றப் பிரிவினருக்கோ 1.2 விழுக்காடு குறைந்தது. இது 2018-ஆம் ஆண்டு இதழில் வெளியான ஆய்வு. உடை தடையாகுமோ என்று எண்ண வேண்டாம். அமெரிக்கச் சகோதரி குல்சூம் அப்துல்லாஹ்வின் கோரிக்கையை அடுத்து, உடல் முழுவதையும் மறைக்கும் உடையுடன் போட்டியிடப் பன்னாட்டுப் பளுதூக்கும் கூட்டமைப்பு 2011-இல் அனுமதி அளித்தது. அவ்வாண்டே பாரிஸ் உலகப் போட்டியில் அவர் ஹிஜாபுடன் களமிறங்கினார்.

இனி, எச்சரிக்கைகள். எடையைத் தூக்கும்போது மூச்சை இழுத்து வயிற்றை இறுக்குவதால் இரத்த அழுத்தம் சற்று நேரம் உயரும். இரத்தக் கொதிப்பு, இதய நோய், குடலிறக்கம், சர்க்கரையால் கண் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் கம்பியைத் தொடக் கூடாது. மறுநாள் தசை வலிப்பது இயல்பே. மூட்டில் குத்தும் வலி இயல்பன்று, உடனே நிறுத்துங்கள். அளவு மீறிய பயிற்சிக்குப் பின் சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் தாமதியாது மருத்துவமனை செல்லுங்கள்.

விரைவில் பலன் என்று ஊசியும் மாத்திரையும் நீட்டுவோரிடமிருந்து நம் பிள்ளைகளைக் காத்துக் கொள்ளுங்கள். இதயமும் ஈரலும் பாழாகும். உணவே மருந்து. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்தபடி, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவிற்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. எடை தூக்குவோருக்கு அதைவிடக் கூடுதல் நல்லது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் உண்டு. மீனும் பருப்பும் கொண்டைக்கடலையும் தயிரும் நம் அடுக்களையிலேயே இருக்கின்றன. பிரியாணியில் சோற்றை ஒரு கரண்டி குறைத்தால் குடும்பத்தின் மானம் போய்விடாது!

ரமளானில் எடையைக் கூட்ட முனையாதீர்கள். இரவில், சுற்றுகளைக் குறைத்து, பெற்றதைக் காத்துக் கொண்டால் போதும்.

உம்மாவுக்கும் இப்போது பயிற்சி உண்டு. சுவரோரம் போட்ட நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்தல், அவ்வளவே. முதல் நாள் இரண்டு முறைதான் முடிந்தது. இன்று பத்து. "உன் இரும்பைவிட என் நாற்காலி மேல்" என்று கேலி செய்கிறார்கள். சென்ற மாதம் அவர்கள் காய்ச்சலில் படுத்தபோது, கட்டிலிலிருந்து நானே தூக்கிக் கொண்டு போய் வண்டியில் அமர்த்தினேன். எவரையும் கூப்பிடவில்லை.

நமக்கும் ஒரு நாள் எவரையேனும் தூக்க வேண்டி வரும்; அல்லது நாமே எழ வேண்டி வரும். அந்த நாளுக்காக இன்றே வெறுங்கம்பியைக் கையில் எடுப்போமா?