ஒரு வெள்ளி மருந்தும் ஒரு நாள் கூலியும்

நாடு முழுவதும் சுகாதார அமைச்சு 2019ஆம் ஆண்டில் எடுத்த கணக்குப்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரை மட்டும் தனியே எடுத்தால் நூற்றுக்கு 31 பேர். நோய் கண்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள். குளுவாங்கிலும் சிகாமட்டிலும் கோத்தா திங்கியிலும் அதிகாலையில் பெரட்டுக்கு நிற்கும் நம் தோழர்களை மூன்று மூன்று பேராக எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கின் பொருள் விளங்கும்.

சர்க்கரை வியாதி நரம்பைத் தின்னும் வியாதி. இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்து நின்றால் நரம்பும் அதற்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் கெடுகின்றன. உடம்பிலேயே நீளமான நரம்பு பாதத்துக்குப் போவதால் பாதமே முதலில் பழுதாகிறது. எரிச்சல், ஊசி குத்துதல், பஞ்சின்மேல் நடப்பது போன்ற உணர்ச்சி, கடைசியில் மரத்துப்போதல் என்று அது வளர்கிறது. வலி நின்றதும் நோய் தீர்ந்தது என்று எண்ணி ஏமாந்தவர் பலர். நிரையில் நடப்பவனுக்கு முள்ளும் சுள்ளியும் அட்டைக்கடியும் அன்றாடம். உணர்ச்சியற்ற காலில் பட்ட புண், சீழ் பிடித்த பிறகே தெரியவருகிறது. சில வேளைகளில் விரலையோ காலையோ எடுக்கும்வரை கொண்டுபோய் விடுகிறது.

"இரவு ஒன்றும் தின்னாமல் படுத்தேன், விடியற்காலையில் சர்க்கரை ஏறி நிற்கிறதே!" என்று பலர் திகைக்கிறார்கள். விடியுமுன் உடம்பு எழுவதற்கு ஆயத்தமாகும்போது சில சுரப்புநீர்கள் பெருகுகின்றன. ஈரல் தன்னிடமுள்ள சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது. நோயற்றவனுக்கு இன்சுலின் அதைச் சமாளித்துவிடும். நோயாளிக்கு அது முடிவதில்லை. இரவு நேரங்கழித்து வயிறு முட்டச் சோறு உண்பதும், மருந்து போதாமையும் வேறு காரணங்கள். இன்சுலின் போடுவோருக்கும் சிலவகை மாத்திரை உண்போருக்கும் நடுஇரவில் சர்க்கரை தாழ்ந்து, பிறகு ஏறுவதும் உண்டு. ஆனால் அது அபூர்வம். கருவி வைத்திருப்போர் சில நாள் படுக்கும்போதும், விடியற்காலை 3 மணிக்கும், எழுந்ததும் பார்த்துக் குறித்து டாக்டரிடம் காட்டினால் காரணம் வெளிப்படும். வெறும் வயிற்றில் 4.4 முதல் 7 வரை இருப்பது பெரும்பாலோருக்குப் பொதுவான இலக்கு. மருந்தைத் தாமாகக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். மருந்தை உண்டுவிட்டு வெறும் வயிற்றோடு வெட்டுக்குப் போகவும் வேண்டாம். வியர்த்து நடுங்கினால் உடனே வாயில் போட, சட்டைப்பையில் மிட்டாய் இருக்கட்டும்.

கால்களை இரவுதோறும் பாருங்கள். அடிப்பாதம் தெரியாவிட்டால் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். விரலிடுக்கின் ஈரத்தைத் துடையுங்கள். பூட்சைப் போடுமுன் கையை உள்ளே விட்டுத் தடவுங்கள். மரத்த காலை வெந்நீரில் வைக்காதீர்கள். நைலான் இழையால் பாதத்தைச் சோதிக்கும்படி ஆண்டுக்கொரு முறை கிளினிக்கில் கேளுங்கள். மெட்பார்மின் மாத்திரையை நெடுங்காலம் உண்போருக்கு வைட்டமின் பி12 குறைந்தாலும் கால் மரக்கும்; அதையும் சோதிக்கச் சொல்லலாம். கள்ளும் சம்சுவும் நரம்புக்குப் பகை. கட்டிப்பால் ஊற்றிய தேநீரை நாளுக்கு நாலு முறை குடிக்கும் கிராணிமாருக்கும் இது பொருந்தும்.

அடங்காத நோய் இது என்று சொல்வது தவறு. பிரிட்டனில் 1977இல் தொடங்கி 1998இல் முடிவு வெளியிட்ட பேராய்வு, சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தினால் கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்குழாய்ச் சேதம் ஏறத்தாழக் கால்பங்கு குறைவதைக் காட்டியது.

பிறகு ஏன் நம்மவர் கிளினிக்குக்குப் போவதில்லை? அறியாமை ஒரு காரணம். மற்றொரு காரணம் கூலி. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. 2025 முதல் மாதக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 26 நாளுக்குப் பங்கிட்டால் ஒரு நாளுக்குச் சுமார் 65 வெள்ளி. காலையில் போய் வரிசையில் உட்கார்ந்தவன் அன்றைய வெட்டை இழக்கிறான். 1 வெள்ளி மருந்துக்காக 65 வெள்ளியை விடு என்றால் ஏழை எதை விடுவான்? மருந்தைத்தான் விடுவான்.

நோயால் வேலை செய்ய முடியாதவனுக்கு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், பணிக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18, 22 நாள் சம்பளத்தோடு விடுப்பு தருகிறது. சோதனைக்குப் போய் நேரச் சீட்டு மட்டும் வாங்கி வருபவன் கதி நிர்வாகத்தின் மனத்தைப் பொறுத்தது. தொழிலாளரின் வைத்திய வசதி முதலாளியின் பொறுப்பு என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் கூறுகிறது. அந்தப் பொறுப்பு காகிதத்தோடு நிற்கலாகாது. நீரிழிவுச் சோதனை நாளுக்குக் கூலி வெட்டக்கூடாது. ஆண்டுக்கொரு முறை தோட்டத்திலேயே கால் சோதனை நடத்த வேண்டும். அளவான நல்ல பூட்ஸ் கொடுக்க வேண்டும். இவை பெரிய கோரிக்கைகளா? காலை இழந்த தொழிலாளி எந்த நிரையையும் வெட்டமாட்டான் என்பதை நிர்வாகமும் எண்ணிப் பார்க்கட்டும்.

கிராணித் தோழர்களே, செக்ரோல் உங்கள் கையில் இருக்கிறது. எவர் சோதனைக்குப் போய் எத்தனை நாள் கூலி இழந்தார் என்று அவரவர் சம்மதத்தோடு கணக்கெடுத்துக் கிளைக்குத் தாருங்கள். கணக்கோடு கேட்கும் கோரிக்கையைத் தட்டிக்கழிப்பது எளிதல்ல. தொழிலாளத் தோழர்களே, அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்றிரவே காலைப் பாருங்கள்!