ரிசர்வ் சைட்டில் கீரை விளையட்டும்!

திருப்பூரின் லைன் வீடுகளில் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். தேனி, திண்டுக்கல், திருநெல்வேலி என்று தென் மாவட்டங்களிலிருந்து ஒரு பக்கம், ஒரிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து இன்னொரு பக்கம்... எல்லோரும் பனியன் கம்பெனிகளை நம்பி வந்தவர்கள். நாற்று நடவும் களை எடுக்கவும் தெரிந்த அந்தக் கைகள் இன்று ஓவர்லாக் மெஷினில் துணி தைக்கின்றன. ஒரு கட்டு கீரையைக்கூட கடையில்தான் வாங்குகின்றன. ஊரில் இடமில்லை என்பதா இதற்குக் காரணம்? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்தால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது உபயோகத்துக்கு ஒதுக்கி உள்ளாட்சியிடம் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். கொங்குப் பகுதியில் இதைத்தான் 'ரிசர்வ் சைட்' என்பார்கள். இவற்றில் சில பூங்கா ஆகியிருக்கின்றன. பல இடங்களில் சீமைக் கருவேலமும் குப்பையும்தான் வளர்கின்றன. இன்னும் சில ஆக்கிரமிப்பில் போய்விட்டன. காலியாகக் கிடக்கும் இந்த இடங்களை, சுற்றி வசிப்பவர்களே பயிரிடும் சமுதாயத் தோட்டங்களாக மாற்றினால் என்ன?

ஆரம்பிப்பது சுலபம். நாலு பேர் சேர்ந்து மண்வெட்டி எடுத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். ஆறு மாதம் கழித்தும் அங்கே பச்சை இருக்குமா என்பதுதான் கேள்வி.

இதற்குப் பதில் திருப்பூரிலேயே இருக்கிறது. 2015இல் வெற்றி அறக்கட்டளை 'வனத்துக்குள் திருப்பூர்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. நட்ட மரங்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டிப் போனது. கண்ட இடத்தில் நட்டுவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போகாததுதான் இதன் ரகசியம். தண்ணீர் வசதியும் வேலியும் உள்ள நிலத்துக்கு, வளர்க்கிறேன் என்று பொறுப்பேற்கும் ஆளுக்குத்தான் கன்று. மரத்துக்கே இப்படி ஒருவர் வேண்டும் என்றால், தினமும் தண்ணீர் கேட்கும் கத்தரிக்கும் வெண்டைக்கும் சொல்லவா வேண்டும்?

ஆகவே முதல் விதி, ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு பொறுப்பாளர். பனியன் தொழிலாளி ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார். அவரைத் தினமும் தோட்டத்துக்கு வரச் சொல்வது நியாயமில்லை. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பாத்தி, ஆளுக்கு ஒரு நாள் தண்ணீர், ஞாயிறு காலை எல்லோரும் என்று முறை வைத்தால் நடக்கும். வீடு மாறிப் போகிறவரின் பங்கு அடுத்துக் குடிவருபவருக்கு. இதை முதலிலேயே எழுதி வைத்துவிட்டால் சண்டை வராது.

இரண்டாவது, தண்ணீர். திருப்பூர் மழை மறைவுப் பிரதேசம். கோடையில் குடிநீருக்கே குடத்தோடு காத்திருக்கும் தெருக்கள் உண்டு. அங்கே கார்ப்பரேஷன் குழாயை நம்பித் தோட்டம் போடுவது பாவம்! பக்கத்துக் கட்டிடக் கூரையின் மழைநீருக்கு ஒரு தொட்டி, அரிசி களைந்த தண்ணீர், சொட்டு நீர்க் குழாய் என்று திட்டமிட வேண்டும். ஆடிப் பட்டத்தில் அவரையும் பீர்க்கும் பந்தலில் ஏற்றினால் ஐப்பசி மழை பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவது, மண். இதை மறைத்துப் பேசுவது தவறு. சாயக்கழிவால் நொய்யல் பட்ட பாடு ஊரறிந்தது. பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பிறகு பூஜ்ஜியக் கழிவு முறைக்கு மாறினாலும், நிலத்தடியில் இறங்கிய உப்பு ஒரே நாளில் போகாது. எனவே போர்வெல் தண்ணீரைப் பரிசோதிக்காமல் ஊற்றக் கூடாது. பழைய சாயப்பட்டறை இருந்த இடத்தில் தரையில் கீரை போடவே வேண்டாம். அங்கே தென்னை நார்க்கழிவும் தொழு உரமும் நிரப்பிய பைகளே நல்லது. பொள்ளாச்சியும் காங்கேயமும் பக்கத்தில் இருக்க இவற்றுக்கா பஞ்சம்?

உரத்துக்கும் வழி உண்டு. 2025இல் திருப்பூர்க் குப்பையைப் பாறைக்குழிகளில் கொட்டுவதை எதிர்த்து மக்கள் போராடினார்கள். அந்தக் குப்பையில் கணிசமான பங்கு மட்கக் கூடியது. வார்டுக்கு ஒரு தோட்டம் இருந்தால் காய்கறிக் கழிவு லாரி ஏற வேண்டியதில்லை.

கடைசியாக, எல்லாவற்றையும் விட முக்கியமானது காகிதம். நியூயார்க்கில் 1973இல் ஒரு பாழிடத்தில் தொடங்கிய சமுதாயத் தோட்டம் நூற்றுக்கணக்கில் பெருகியது. நிலம் நகராட்சியுடையது. 1999இல் 114 தோட்டங்களை ஏலம் விட நகராட்சி கிளம்பியது. இரண்டு தொண்டு நிறுவனங்கள் 42 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய பிறகே அவை தப்பின. திருப்பூரில் அப்படிக் காசு கொடுத்து மீட்க யார் வருவார்கள்? கார்ப்பரேஷன் இடத்தின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, குடியிருப்போர் குழுவுக்கு ஐந்தாண்டு அனுமதி எழுதித் தர வேண்டும். பராமரிக்காவிட்டால் ரத்து. அந்தக் குழுவில் சொந்த வீட்டுக்காரர்கள் மட்டுமல்ல, லைன் வீட்டுக்காரர்களுக்கும் இடம் வேண்டும். இல்லையென்றால் அது இன்னொரு பூட்டிய பூங்காவாகத்தான் முடியும்.

ஒரு தோட்டத்தால் யாருடைய மாதச் செலவும் பெரிதாகக் குறைந்துவிடாது. ஆனால் ஒரிசாக்காரரும் தேனிக்காரரும் ஒரே காம்பவுண்டில் பேர் தெரியாமல் வருஷக் கணக்கில் வாழும் ஊர் இது. ஒரே பந்தலில் புடலங்காய் பறிக்கும்போது பேர் தெரிந்துவிடும். அதற்காகவாவது ஒரு ரிசர்வ் சைட்டின் முள்ளை வெட்டலாம்!