தன்விவர ஓலையும் இணையத்தளமும்

தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளுதல் தகாது என்பது தமிழர் போற்றிய அவை நாகரிகம். எனினும் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் அவ்விதிக்கு நான்கு விலக்குகளைத் தந்துள்ளார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடத்தும், அவையில் வென்றாக வேண்டிய பொழுதிலும், மாற்றான் தன்னைப் பழித்தவிடத்தும் புலவன் தன்னைப் புகழ்ந்துரைக்கலாம் என்பது அவர் தரும் இசைவு. இவற்றுள் முதலிரண்டையும் சேர்த்துப் பார்ப்பின், இன்று வேலை வேண்டுவோர் விடுக்கும் தன்விவரக் குறிப்பு அதுவே என்பது விளங்கும். நம்மை அறியாதார்க்கு நாம் விடுக்கும் ஓலை அது. மாணவர் நாவில் நெடுங்காலம் பயோடேட்டா என வழங்கியது. இப்போது ரெசியூம் என வழங்குகிறது.

அத்தகைய ஓலையை எழுதித் தரும் இணையத்தளம் ஒன்றினை நம் கல்லூரியில் இவ்வாண்டு அமைத்து வருகின்றனர். கணிப்பொறித் துறையினரின் உழைப்பு பாராட்டத்தக்கது. படிவத்தின் தலைப்புகளைத் தமிழாக்கித் தருமாறு தமிழ்த்துறையினராகிய நம்மை அவர்கள் கேட்டனர், தந்தோம். ஆயின் தலைப்புகளைத் தமிழாக்கும்போதே ஒன்று புலப்பட்டது. சொல் தமிழாகிவிட்டது, கட்டம் இன்னும் வேற்றூரில் இருக்கிறது. விழா நாளில் திறந்தாக வேண்டும் என்னும் விரைவில், அதனைப் பயன்படுத்தப் போகின்றவர் கையில் ஒருமுறையேனும் கொடுத்துப் பார்க்காமல் இத்தளத்தைத் திறத்தல் கூடாது என்பதே நம் கருத்து.

இக்கரைக்கு இது சிறு செய்தி அன்று. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடியைச் சுற்றிப் புதிய தொழில்கள் வந்துகொண்டிருக்கின்றன. குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பெற்றது. வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பெற்றது. வேலை வாய்ப்பு அலுவலகத்து வரிசையில் நின்ற தலைமுறையின் பிள்ளைகள் இன்று இணையத்தின் வழியே விண்ணப்பிக்கின்றனர். நடுவண் அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம் 2015இலும், தமிழ்நாட்டு அரசின் தனியார் வேலைவாய்ப்புத் தளம் 2020இலும், நான் முதல்வன் திட்டம் 2022இலும் தொடங்கப்பெற்றன. இவை எவற்றிலும் முதற்படி தன்னைப் பற்றிய விவரத்தை நிரப்புதலே. அதில் இடறினவன் நேர்காணல் அறையின் வாயிலைக் காண்பதில்லை.

இதுகாறும் நம் மாணவர்க்கு ஓலை எழுதித் தந்தவை தட்டச்சு நிலையங்களும் பிரவுசிங் சென்டர்களுமே. அங்கே முன்னர் வந்தவனின் கோப்பைத் திறந்து, பெயரையும் மதிப்பெண்ணையும் மாற்றி, அச்சிட்டுத் தருவது வழக்கம். 'புகழ்பெற்ற நிறுவனத்தில் அறைகூவல் மிக்க பணியில் அமர்ந்து நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உழைத்தல்' என்னும் குறிக்கோள் ஆங்கிலத்தில் எல்லார் தாளிலும் ஒரே எழுத்துப் பிழையோடு தலைமுறை தலைமுறையாக இறங்கி வருவதைப் பரிந்துரை எழுதித் தரும் ஆசிரியர் அனைவரும் அறிவர். இந்நிலையை மாற்றவே தளம் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

முதலில் பெயரைக் கொள்வோம். பெரும்பாலான படிவங்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்களை வைத்து, இரண்டாவதை நிரப்பாதாரை மேலே செல்லவிடுவதில்லை. தமிழருட் பெரும்பாலார்க்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முன்னெழுத்தே உண்டு. இக்கரையில் அவ்விரண்டாம் கட்டத்தை இடர்ப்பாடின்றி நிரப்புவோர் பெர்னாண்டோ, மிராண்டா, மச்சாடோ போன்ற பெயர்களைத் தாங்கிய பரதவப் பெருமக்களே. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் தொடர்பால் வந்த பெயர்கள் அவை. அடுத்த தெருவில் வாழும் முகம்மது இபுராகீம் என்ன செய்வான்? தன் பெயரையே இரண்டாகப் பிளந்து, பாதியைக் குடும்பப்பெயராக்குகிறான். அவன் தங்கை தந்தை பெயரை அங்கே இடுகிறாள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவர் இரு குடும்பத்தாராகின்றனர். முத்துலட்சுமியோ ஒற்றை முன்னெழுத்தை இட்டுப் பார்க்கிறாள். 'குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்' என்று தளம் சிவப்பு எழுத்தில் மறுக்கிறது.

இதன்மேல் எழுத்துக்கூட்டல் தொல்லை வேறு. முகம்மது என்னும் ஒரு பெயரை உரோமன் எழுத்தில் எழுதும் முறைகளை எண்ணிப் பார்த்தாலே போதும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் வேறொன்று, கடவுச்சீட்டில் மற்றொன்று எனத் திரிபவர் நம்மிடையே பலர். வளைகுடா நாடுகளை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு இதன் கடுமை தெரியும். கடவுச்சீட்டில் ஒற்றைப்பெயர் மட்டுமே உடையோர் வருகை நுழைவிசைவில் வருவதை ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் தடுத்தது. தந்தை பெயரோ குடும்பப்பெயரோ கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்கப்படும் எனப் பின்னர் தெளிவுபடுத்தப்பட்டது. பெயர்க் கட்டம் வெறும் அலங்காரம் அன்று. நம் தளத்தில் ஒரே கட்டம் போதும்: கடவுச்சீட்டில் அல்லது சான்றிதழில் உள்ளபடி முழுப்பெயர். பிரித்தானிய அரசின் இணையத்தள வடிவமைப்பு நெறிகளும் பெயருக்கு ஒற்றைக் கட்டத்தையே பரிந்துரைக்கின்றன.

அடுத்தது பணி அனுபவம். நிறுவனத்தின் பெயர், பதவி, சேர்ந்த மாதம், விலகிய மாதம் எனக் கேட்கும் படிவம், மாதச் சம்பளக்காரன் ஒருவனையே மனத்தில் வைத்து வரையப்பட்டது. உப்பளத்தில் மழைக்காலத்தில் வேலை இல்லை. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடைக்காலம். சங்கு குளிப்பவனுக்கு முதலாளியின் பெயரே ஆண்டுக்கு ஆண்டு மாறும். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் தோணியை நடத்துபவன் தண்டல். கீழிறங்கும் பதவிப் பட்டியலில் தண்டல் இல்லை. 2015ஆம் ஆண்டின் தேசியத் தொழில் வகைப்பாடு ஒவ்வொரு தொழிலுக்கும் எட்டு இலக்க எண் தந்திருக்கிறது. ஆனால் தண்டலின் மகன் தன் தந்தையோடு இரண்டு கோடை விடுமுறைகள் கடலோடியதை எந்த எண்ணின்கீழ் எழுதுவான்? எழுதாமலே விட்டுவிடுகிறான். துறைமுகத்துச் சரக்குக் கையாளும் நிறுவனம் ஒன்றுக்கு அவ்வொரு வரி அவனது மதிப்பெண் பட்டியலினும் பயன்படக் கூடியது.

இதற்கு வழி நம் கரையிலேயே இருக்கிறது. வெளிநாட்டுக் கப்பல்களில் பணியாற்றும் நம் இளைஞர்கள் சி.டி.சி. என்று அழைக்கும் கடற்பணிச் சான்றேட்டில், கப்பலின் பெயர், ஏறிய நாள், இறங்கிய நாள், வகித்த பணி என்பவை பயணம் பயணமாகப் பதியப்படும். இரு பயணங்களுக்கிடையே நான்கு மாதம் வீட்டில் இருந்தால் அதை எவரும் குறை எனக் கருதுவதில்லை. அத்தொழிலின் இயல்பு அது. நம் தளத்தில் பருவப்பணி என ஒரு வாய்ப்பை வைத்து, உப்பளத்தானுக்கும் அதே மதிப்பைத் தருதல் அரிதோ?

இவையெல்லாம் அறைக்குள் அமர்ந்து எண்ணிக் கண்டவை. எண்ணாத இடத்தில் இடறுபவன் எவன், எங்கே என்பதைப் பயன்படுத்துவோரைக் கொண்டு சோதித்தாலன்றி அறியவியலாது. 'சோதனைக்குக் காலம் இல்லை; திறந்தபின் குறைகளைக் களைந்துகொள்ளலாம்' என்று சொல்வோர்க்கு மன்னார் வளைகுடாவின் பழைய முறையொன்றை நினைவூட்டுவோம். முத்துக்குளிப்பு இக்கடலில் 1961க்குப் பின் நடைபெறவில்லை. நடைபெற்ற காலத்தில் எடுத்த எடுப்பில் எவரும் கடலில் இறங்கியதில்லை. முதலில் தொல்லாயிரம் பார் முதலிய சிப்பிப் பார்களை ஆய்ந்தனர். மாதிரிக்கெனச் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளை வல்லார் கையில் தந்து, ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை எனக் கணித்தனர். விலை போதுமெனின் நாள் குறித்தனர்; போதாதெனின் அவ்வாண்டு குளிப்பு இல்லை. கீழக்கரையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் குளியாட்களும் தோணிகளும் வந்து குவிந்தபின் சிப்பி வெறிதெனக் காண்பது எத்துணை இழப்பு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அமெரிக்க அரசு 2013 அக்டோபர் 1ஆம் நாள் திறந்த மருத்துவக் காப்பீட்டு இணையத்தளத்தில் முதல் நாளில் முழுமையாகப் பதிவுசெய்ய முடிந்தவர் ஆறு பேரே. போதிய சோதனையின்றித் திறந்ததன் விளைவு அது.

மாதிரிக்கு எத்தனை பேர் வேண்டும்? யாக்கோப் நீல்சன் என்னும் டென்மார்க்கு நாட்டு அறிஞர், ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே ஒரு தளத்தின் குறைகளுள் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும் என 2000ஆம் ஆண்டில் எழுதினார். இக்கணக்கைப் பிடித்துக்கொண்டு கணிப்பொறித் துறை மாணவர் ஐவரை அழைத்து முடித்துவிடலாகாது. பயன்படுத்துவோர் வெவ்வேறு வகையினராயின் ஒவ்வொரு வகையிலும் சிலரை அமர்த்த வேண்டும் என்பதும் அவர் கூறியதே.

செய்முறை எளிது. ஒருவரை அவருடைய கைப்பேசியுடனேயே அமர்த்த வேண்டும். கல்லூரிக் கணிப்பொறியில் அன்று. 'துறைமுகத்தில் எழுத்தர் வேலைக்கு ஓர் ஓலை ஆயத்தம் செய்க' என ஒரு பணியைத் தந்து, மனத்தில் எழுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்து, நாம் வாய்மூடிக் குறிப்பெடுக்க வேண்டும். ஆசிரியர்க்கு இவ்வாய்மூடல் எளிதன்று. மாணவன் சற்றே தயங்கினாலும் 'மேலே இருப்பதை அழுத்து' என்று சொல்லாமல் நம்மால் இருக்க முடிவதில்லை. சொன்ன அக்கணமே சோதனை கெட்டது. வேலை முடிந்ததும் 'தளம் நன்றாக இருக்கிறதா?' என்று கேட்பதும் வீண். நம் மாணவர் மரியாதை மிக்கவர்; 'மிக நன்றாக இருக்கிறது ஐயா' என்றே விடை வரும். ஆகவே தனக்கு மதிப்பெண் இடும் ஆசிரியர் அவ்வறையில் இராமை நன்று. சொல்லை விட்டுக் கையைப் பார்க்க வேண்டும்: எங்கே நின்றது, எங்கே பின்னோக்கிச் சென்றது, எங்கே பக்கத்தில் இருப்பவரைத் தேடிற்று.

அங்ஙனம் பார்ப்பின் அறையில் தோன்றாதவை தோன்றும். ஒரு மாணவியின் ஆதாரோடும் வங்கிக் கணக்கோடும் இணைந்த எண் தந்தையினுடையது. தந்தையோ சார்ஜாவில் இருக்கிறார். உள்நுழையத் தளம் அனுப்பும் ஓ.டி.பி. எண் அவர் கைப்பேசிக்குப் போய், அவர் பணியிடையே அதனைப் பார்த்து மகளுக்குச் சொல்வதற்குள் காலாவதியாகிவிடும். குறைபாடு அவளிடமா? இணைப்பு அறுந்து மீண்டபோது நிரப்பிய பக்கம் முழுதும் வெறுமையாதல், ஒளிப்படத்தின் அளவைக் குறைக்கத் தெரியாமல் மீண்டும் பிரவுசிங் சென்டருக்கே செல்லுதல், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய தமிழை ஒட்டியதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய் மாறுதல் ஆகியனவும் இவ்வகையே. தமிழ்நாட்டு அரசு 2010லேயே ஒருங்குறியை ஏற்றுவிட்டது. தட்டச்சு நிலையங்கள் சில இன்னும் அதனை அறியா.

'வேலை தருவோர் ஆங்கிலத்தில் கேட்கையில் தமிழ் எதற்கு?' என்று பெரியோர் சிலர் வினவுகின்றனர். ஓலை ஆங்கிலத்தில் முடியட்டும், தடையில்லை. வினா தமிழில் இருக்கட்டும் என்பதே நம் வேண்டுகோள். 'உம் திறன்கள் யாவை?' என ஆங்கிலத்தில் கேட்டால், அறிந்த நான்கு ஆங்கிலச் சொற்களை மாணவர் எழுதிவிட்டு நகர்வர். 'உங்கள் வீட்டுத் தொழிலில் நீங்கள் எதைப் பார்த்துக்கொள்கிறீர்கள்?' எனத் தமிழில் கேட்டால், உப்பளக் கூலிக் கணக்கை மூன்றாண்டாகத் தானே எழுதி வருவதை ஒரு மாணவி சொல்வாள். அதனை வேலை என்று அவள் கருதியிருக்க மாட்டாள். தன்னைப் புகழ்தல் தகாது என வளர்ந்த பிள்ளைகளிடம் இவ்வாறுதான் கேட்டுப் பெற வேண்டும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு ஒரு நொடியில் அழகிய ஓலை எழுதித் தருகிறது. அதைத் தளத்தில் இணைத்துவிடலாம் என்னும் பேச்சும் உண்டு. பவணந்தியார் இசைவு தந்தது தன் ஆற்றலைக் கூறுவதற்கேயன்றி இல்லாததைக் கூறுவதற்கன்று. நேர்காணலில் 'குழுவை வழிநடத்தினேன் என்று எழுதியிருக்கிறீரே, எந்தக் குழு?' என்று கேட்டால் விழிப்பவன் மாணவனே. எழுதிய பொறி அன்று. இன்னொன்றும் உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சி தன்னைக் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்ததைப் புறநானூறு காட்டுகிறது. ஆளைக் காணாமல் அளந்து தருவது பரிசிலர் பெருமைக்கு ஒவ்வாது என்பது அவர் நெஞ்சம். ஆளைக் கேளாமல் எழுதித் தரும் ஓலையை நம் மாணவர்க்கு நாமே கொடுத்தனுப்புவது எங்ஙனம் பொருந்தும்? பொறி எழுதட்டும், கேட்டறிந்த விடையிலிருந்து மட்டும் எழுதட்டும், முடிவில் ஒவ்வொரு வரியையும் உரியவர் படித்து ஒப்பிய பின்னரே அச்சாகட்டும்.

விழா அழைப்பிதழ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என அறிகிறோம். நாளை மூன்று வாரம் தள்ளிவைத்தாற் போதும். முதல் வாரம் இறுதியாண்டு மாணவ மாணவியர் ஐவர், கப்பற்பணிக்குக் காத்திருப்போர் மூவர், படிப்பை முடித்து மணமாகி இப்போது வேலை தேடும் பழைய மாணவியர் மூவர், உப்பளத்திலோ மீன்பதனிடும் ஆலையிலோ பருவப்பணி செய்வோர் மூவர் அமரட்டும். இரண்டாம் வாரம் கண்ட குறைகளைக் கணிப்பொறித் துறையினர் களையட்டும். மூன்றாம் வாரம் வேறு ஆட்களைக் கொண்டு மீண்டும் அமர்த்துவோம். இவர்களைத் திரட்டித் தருவதையும், ஒவ்வொருவர் அருகிலும் அமர்ந்து குறிப்பெடுக்க முதுகலைத் தமிழ் மாணவர்களை அனுப்புவதையும் தமிழ்த்துறை ஏற்றுக்கொள்கிறது. வருவோர்க்குப் பேருந்துக் கட்டணமும் ஒருநாட் கூலியும் தருவதற்கு மட்டும் ஆட்சிக்குழுவினர் வழிசெய்ய வேண்டும்.