துரத்தும் முன் துவட்டிப் பாருங்கள்

நோயாளி ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில், அவ்வீட்டில் வளரும் நாயின் இடம் கேள்விக்குள்ளாகிறது. “வீடெல்லாம் நாய் வாடை, உடம்பு முடியாதவர் இருக்கும் இடத்தில் இது ஆகாது” என்று உறவினர் ஒருவர் சொல்வார். அதன்பின் அந்த நாய் மொட்டைமாடியில் கட்டப்படும், அல்லது யாரிடமாவது ஒப்படைக்கப்படும், அல்லது தெருவில் விடப்படும். வளர்த்த விலங்கைத் தகுந்த காரணமின்றிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும்; இம்முடிவு பெரும்பாலும் தேவையற்றது என்பதே என் கருத்து. நாயின் வாடை சீர்செய்யக்கூடிய ஒன்று. சீப்பும் நீரும் உலர்ந்த துண்டும் சிறிது ஒழுங்கும் அதற்குப் போதும்.

வாடை எங்கிருந்து வருகிறது என்று அறிந்தால் வேலை எளிதாகும். நாய்க்கு மனிதரைப் போல உடலெங்கும் வியர்த்துக் கொட்டுவதில்லை. உள்ளங்கால்களில்தான் அவ்வாறு வியர்க்கிறது. ஆனால் அதன் தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசை மயிரில் படிகிறது. அதனைப் பாக்டீரியாக்களும் ஈஸ்ட் வகைப் பூஞ்சையும் சிதைக்கும்போது வாடை பிறக்கிறது. மயிரிலுள்ள ஈரம் ஆவியாகும்போது அந்த நாற்றப் பொருள்களையும் காற்றில் ஏற்றிவிடுவதால், நனைந்த நாயிடம் அது கடுமையாகிறது. இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடற்காற்றில் ஈரப்பதம் மிகுதி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொடியில் போட்ட துணியே காய மறுக்கும்போது, அடர்ந்த மயிர் எவ்வாறு காயும்? ஆகவே நம் பகுதியில் குளிப்பாட்டுவதைக் காட்டிலும் உலர்த்துவதே முதன்மையான வேலை.

நாள்தோறும், இயலாவிடில் ஒருநாள் விட்டு ஒருநாள், சீவிவிடுங்கள். உதிர்ந்த மயிரும் செதிலும் அழுக்கும் அதிலேயே பெருமளவு நீங்கும். சொட்டு நீரும் செலவாகாது. நலமான நாய்க்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒரு குளியல் பொதுவாகப் போதும். அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் வறண்டு அரிப்பெடுக்கும். குளியலுக்கு முன் சிக்குகளை நீக்குங்கள். சிக்குண்ட மயிர் ஈரத்தை விடாது பிடித்துக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரும் நாய்களுக்கென்றே தயாரித்த ஷாம்பூவும் பயன்படுத்துங்கள். மனிதத் தோலும் நாயின் தோலும் அமிலத்தன்மையில் வேறுபடுவதால் நம் சோப்பு அதற்குப் பொருந்தாது. நுரை முழுவதும் போகும்வரை அலசுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக உள்ள வீடுகளில், கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஒரு வாளி நல்ல தண்ணீர் ஒதுக்குவது நன்று. பின்னர் காதின் வெளிமடல், கால்விரல் இடுக்கு, அடிவயிறு ஆகியவற்றைத் துவட்டி, மின்விசிறியின் கீழ் முழுமையாக உலரவிடுங்கள். நாய் படுக்கும் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். நாயைக் கழுவிவிட்டுத் துணியை மறந்தால், வாடை மறுநாளே திரும்பிவிடும்.

செய்யக்கூடாதவையும் உள. ஃபினாயில், டெட்டால், கற்பூரம், மண்ணெண்ணெய் ஆகியவற்றை நாயின் உடலில் தடவலாகாது. நாய் தன்னைத்தானே நக்கும் இயல்புடையது. தோலில் பூசிய நஞ்சு வயிற்றுக்குள் போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எர்ணாவூர், எண்ணூர்ப் பகுதி வீடுகளில் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய எண்ணெய் படிந்த நாயை, பாத்திரம் துலக்கும் மென்மையான திரவச் சோப்பினால் கழுவி, தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவ்வாறே, வாடையை மறைக்க ஊதுபத்தியும் வாசனைத் தெளிப்பானும் பயன்படுத்துவது ஆஸ்துமா, நுரையீரல் நோய் உள்ளவருக்கு நாயின் வாடையைவிடப் பெருந்தீங்கு.

மறைத்தலை நான் எதிர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாற்றம் ஓர் எச்சரிக்கை. அதே டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, நெடியை உணர்ந்துதான் மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். அந்த நெடியை ஊதுபத்தியால் மறைக்க யாரும் எண்ணவில்லை. முறையாகக் குளிப்பாட்டி உலர்த்திய பின்னும் நாய் நாறினால் அதுவும் ஒரு செய்தியே. காதில் தொற்று, பல்லில் காரை, ஆசனவாய் அருகிலுள்ள சுரப்பிப் பைகளில் அடைப்பு, தோலில் பூஞ்சை ஆகியவை வழக்கமான காரணங்கள். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. வேப்பேரியில் 1903ஆம் ஆண்டு முதல் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நமக்கு எட்டும் தொலைவில்தான் உள்ளது.

இனி நோயாளியின் பக்கம். கீமோதெரபி பெறுவோர் சிலருக்கு மோப்ப உணர்வு மாறிவிடும். முன்பு பொருட்படுத்தாத வாடையே குமட்டலைத் தரும். அவர் முகம் சுளிப்பதை வெறுப்பு என்றோ பிடிவாதம் என்றோ எண்ணலாகாது. நாயை வேறு அறையில் சில வாரம் படுக்கவிட்டால் பெரும்பாலும் போதும். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவரும், ஆறாத புண்ணோ குழாயோ உள்ளவரும் நாயைத் தாமே குளிப்பாட்டக் கூடாது. அது புண்ணை நக்கவும் விடக்கூடாது. வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்வோர் பை மாற்றும் நேரத்தில் அவ்வறையில் நாய் இருக்கலாகாது. நாயைத் தொட்டபின் கை கழுவுவதும், அதற்கு வெறிநோய்த் தடுப்பூசி தவறாமல் போடுவதும் அனைவருக்கும் பொது. நாய் ஒவ்வாமையால் மூச்சிரைப்பு வருவோர்க்கு மட்டும் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும்: குளியல், ஒவ்வாமைப் பொருளைச் சில நாள்களுக்கே குறைக்கும். அவர்கள் விஷயத்தில் முடிவு மருத்துவருடையதாக இருக்கட்டும்.

இவ்வளவையும் செய்வது யார்? நோயாளிக்குக் கஞ்சி வைத்து, மருந்து கொடுத்து, இரவில் விழித்திருக்கும் அதே பெண்மணியின் தலையில் இதுவும் விழுமானால், நாயைத் துரத்தச் சொல்பவரை அவர் எதிர்க்க மாட்டார். எதிர்க்க அவருக்குத் தெம்பும் இராது. சீவுதல் பள்ளி செல்லும் பிள்ளையின் வேலையாகட்டும்; மாதக் குளியல் மகனுடையதோ மருமகனுடையதோ ஆகட்டும்; துணி துவைப்பதை இன்னொருவர் ஏற்கட்டும். நாய் வீட்டில் தங்குமா என்பது பெரும்பாலும் இப்பங்கீட்டைப் பொறுத்ததே.

நோயுற்றவர் பலருக்கு நீண்ட பகலில் வாசற்படி அருகே படுத்திருக்கும் அந்த உயிர் ஒரு துணை. வீடு திரும்பும் நாளில் உணவு, மாத்திரை, மறுபரிசோதனை ஆகியவற்றைக் கேட்டறியும்போது, “வீட்டில் நாய் இருக்கிறது, என்ன கவனம் வேண்டும்?” என்றும் மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேளுங்கள். உறவினர் சொல்வதற்கு முன் மருத்துவர் சொல்வதைக் கேட்பது, நோயாளிக்கும் நல்லது, நாய்க்கும் நல்லது.