'இடம்பெயர்ந்தோம்' அல்ல

நம் சஞ்சிகைகளில் இன்னமும் ஒரு சொல் கூசாமல் அச்சேறுகிறது: 'இடம்பெயர்ந்த யாழ்ப்பாண முஸ்லிம்கள்.' ஷெல்லுக்குப் பயந்து கிளம்பினால் அது இடம்பெயர்வு. 1990 ஒக்டோபர் 30இல் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். அந்த மாதம் வட மாகாணமெங்கும் விரட்டப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். இதற்கு 'வெளியேற்றம்' என்று தமிழில் சொல் இருக்கிறது. எழுதக் கை ஏன் நடுங்குகிறது?

எனக்கு அப்போது பதினொரு வயது. புத்தளத்தில் முதல் நான்கு இரவுகள் ஒரு பாடசாலை வகுப்பறையில், ஐந்து குடும்பங்களோடு. சோனகத் தெருவில் மூன்று தையல் மெஷின் வைத்திருந்த வாப்பா, தன் ஒரே சாரம் துவைத்துக் காயும்வரை இரவல் துவாயோடு சுவரோரம் குந்தியிருந்தார். சோற்றுப் பார்சல் வரிசையில் நிற்க உம்மா மறுத்துவிட்டா, ராத்தாதான் போனா. புத்தளத்தார் பள்ளிவாசல்களையும் தென்னந்தோட்டங்களையும் திறந்துவிட்டார்கள். அந்த நன்றியை மறந்தவனல்ல. ஆனால் அதே கலிமா, அதே தமிழ் இருந்தும் அந்த வாரமே எங்களுக்கு 'அகதி' என்று பெயராயிற்று. கிணற்றடியில் முதலில் கேட்டபோது வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

இப்போது நம்மவர்களே கேட்கிறார்கள்: 2009இல் யுத்தம் முடிந்ததே, ஏன் எல்லோரும் திரும்பவில்லை? கூரையும் கதவு நிலையும் இல்லாத சுவர்களுக்கு, புத்தளத்தில் பிறந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டா? 'தாமாகப் போனவர்கள்தானே, தாமாக வரட்டும்' என்கிற இந்தக் கேள்வியைப் பெற்றுப்போட்டது அந்தச் சொல்தான்.

அடுத்த இதழுக்கு எங்களைப் பற்றி எழுதுகிறவர், முதலில் அதை வெட்டிவிட்டு எழுதட்டும்.