லாரியில் ஏற்றிவிட்டால் தீர்ந்ததா?

எதிராளியின் பரபக்கத்தை முழுதாக எடுத்து வைக்காமல் தன் சுபக்கம் பேசுவது தமிழ்த் தர்க்க மரபில் கூச்சப்பட வேண்டிய காரியம். சிவஞான சித்தியார் பாடிய அருள்நந்தி சிவாசாரியார், தாம் மறுக்கப்போகும் மதங்களையெல்லாம் முதலில் வாய்விட்டுப் பேசவிட்டார். கை வைத்தது அதற்குப் பிறகுதான். திருப்பூர்த் தொழில் வட்டாரத்தில் சுற்றும் மாத இதழ் ஒன்றில், மனிதரும் பெரிய வேட்டை விலங்குகளும் ஒரே நிலத்தில் வாழ்வது குறித்த ஆய்வுகளை ‘ஏசி அறை ஞானம்’ என்று ஒரே போடாகப் போட்டிருக்கும் ஏற்றுமதியாளர் அன்பருக்கு அந்தச் சிரமமெல்லாம் தேவைப்படவில்லை. நான்கு பக்கத்தில் ஓர் ஆய்வின் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, எண் இல்லை. நூல் கவுண்ட் கொஞ்சம் பிசகினாலும் லோடைத் திருப்பி அனுப்புகிறவர், உயிர்ச்சேதம் பற்றிப் பேச வரும்போது மட்டும் கணக்கு நோட்டை ஏன் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வருகிறார்?

போகட்டும், அவருடைய வாதத்தை அவரைவிட ஒழுங்காக நானே சொல்லிவிடுகிறேன். விலங்குக்குக் காடு, மனிதனுக்கு ஊர். எல்லை தாண்டி வரும் சிறுத்தை மனிதனைத் தேடியே வருகிறது. அதைப் பிடித்து லாரியில் ஏற்றி அடர்காட்டில் விட்டுவிட்டால் தொல்லை ஒழியும். ஒழியவிடாமல் குறுக்கே நிற்பவர்கள் வெளிநாட்டுப் பணத்தில் பிழைக்கும் ஆய்வாளர்கள். இவ்வளவுதான் சரக்கு. மீதி மூன்றேகால் பக்கம் ஆவேசம்.

அவர் கூப்பிட்டு நிறுத்தும் சாட்சி, 2022 ஜனவரியில் அவிநாசி பக்கம் பாப்பாங்குளத்தில் மக்காச்சோளக் காட்டுக்குள் பதுங்கிய சிறுத்தை. நல்ல சாட்சி, குறுக்கு விசாரணை செய்வோம். சோளத்தட்டுக்குள் ஒண்டிக்கிடந்தது, எதிர்ப்பட்ட சிலரைக் காயப்படுத்தியது, சுற்றிலும் கூட்டம் கூடியது, தேடப்போன வனப்பணியாளரும் அடிபட்டார்கள், சில நாள் கழித்துத் திருப்பூர் அம்மாபாளையத்தில் பனியன் வேஸ்ட் குடோன் பக்கம் மயக்க ஊசிக்கு மடங்கியது. ஷிப்ட் முடிந்து இரவெல்லாம் ஆயிரக்கணக்கானோர் நடந்துபோகும் ஊர் இது. மனித வேட்டைக்கென்றே வந்த மிருகமாக இருந்தால் இத்தனை நாளில் ஓர் உயிர்கூடப் போகாதது எப்படி? வழி தெரியாமல் மாட்டிக்கொண்டு வெளியேறத் துடித்த விலங்கு என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு சம்பவமும் பொருந்துகிறது. நரவேட்டை என்று வைத்துக்கொண்டால் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அதே மாதம் கோவை குனியமுத்தூர் பக்கம் குடோனுக்குள் புகுந்த இன்னொரு சிறுத்தைக்குக் கூண்டு வைத்து, கூட்டத்தைத் தள்ளி நிறுத்தி, நாள் கணக்கில் பொறுத்திருந்தார்கள். தானாகவே கூண்டுக்குள் வந்தது. அன்பர் கட்டுரையில் இந்தச் சிறுத்தைக்கு இடமில்லை. தேவைக்கு ஏற்பச் சாட்சியைப் பொறுக்குவதற்கு ஆய்வு என்று பெயரில்லை, அது கோர்ட்டு வராந்தாவில் நடக்கும் வேலை.

இனி லாரி. கட்டுரையின் இருதயமே அதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பேசவேண்டியிருக்கிறது. அன்பர் இன்று கண்டுபிடித்திருக்கும் இந்த மருந்தை மகாராஷ்டிரத்தின் ஜுன்னார் பகுதியில் கால் நூற்றாண்டுக்கு முன்பே ஊட்டிப் பார்த்தாகிவிட்டது. 2001 முதல் கரும்புத் தோட்டங்களிலிருந்து சிறுத்தைகளைச் சாரிசாரியாகப் பிடித்து, சராசரியாக நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். விளைவு? ஆண்டுக்குச் சராசரி 4 ஆக இருந்த மனிதர் மீதான தாக்குதல் 17 ஆக ஏறியது. வித்யா ஆத்ரேயாவும் உடன் ஆய்ந்தவர்களும் 2011இல் ‘கன்சர்வேஷன் பயாலஜி’ இதழில் வெளியிட்ட கணக்கு இது. நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் அதே ஆண்டில் வெளியிட்ட சிறுத்தை மோதல் வழிகாட்டுதல்கள், பிடித்து இடம் மாற்றுவதை ஊக்குவிக்காததற்குப் பின்னால் இருப்பது புலிவேஷப் பாசமல்ல, இந்த ரத்தக் கணக்கு.

ஏன் ஏறியது என்பதை அன்பருக்குப் புரியும் பாஷையிலேயே சொல்லலாம். பழகிய டெய்லரை நிறுத்தினால் அந்த ஓவர்லாக் மெஷின் மறுநாளும் காலியாகவா கிடக்கிறது? வேலை தெரியாத ஒரு பையன் வந்து உட்காருகிறான், ஊசியைக் கையில் ஏற்றிக்கொள்கிறான். எல்லை வகுத்து வாழும் சிறுத்தையை அப்புறப்படுத்திய இடத்துக்கு, இடம் தேடி அலையும் இளவட்டம் ஒன்று வந்துவிடும்; அதற்கு அந்த ஊர் மனிதரின் போக்குவரத்தும் தெரியாது, பதுங்கவும் தெரியாது. லாரியில் போனதோ, ஏற்கெனவே வேறு சிறுத்தைகள் ஆளும் காட்டில் அந்நியமாக இறங்கி, அங்கிருந்து விரட்டுப்பட்டு, விளிம்பிலிருக்கும் ஏதோ ஒரு ஊருக்குள் நுழைகிறது. ஆக, அன்பர் தம் ஊர்த் தொல்லையை ஒழிக்கவில்லை. உடுமலைக்கோ வால்பாறைக்கோ பார்சல் செய்கிறார். அங்கே இருப்பவர்கள் மனிதர் கணக்கில் வரமாட்டார்களா?

அடர்காட்டில் விட்டால் அங்கேயே இருக்கும் என்பதும் ஒரு நம்பிக்கைதான். அகமதுநகர் மாவட்டத்தில் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட ‘ஆஜோபா’ என்ற முதிய சிறுத்தைக்கு 2009இல் கழுத்துப்பட்டை மாட்டி மால்ஷேஜ் கணவாயில் விட்டார்கள். கிழவர் காட்டில் தங்கவில்லை. நெடுஞ்சாலை, ரயில் பாதை, கழிமுகம் எல்லாம் கடந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நடந்து மும்பை விளிம்பிலுள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காப் பக்கம் போய்ச் சேர்ந்தார். வழியில் ஒருவரையும் தொடவில்லை. கடைசியில் அவரை முடித்தது ஒரு சாலை விபத்து. யார் யாருக்கு ஆபத்து என்ற கேள்வியை இங்கே கேட்காமல் விடுவது என் பெருந்தன்மை.

‘மகாராஷ்டிரம் வேறு, கொங்கு வேறு’ என்று முன்ஜாக்கிரதையாக ஒரு வரி போட்டிருக்கிறார். இங்கே ஜன நெருக்கடியாம். அதே மகாராஷ்டிரத்தின் அகோலேயில் ஆய்வு நடந்த பகுதியில் காடே கிடையாது, கரும்பும் வீடுகளும்தான். சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்கு மேல் வாழும் அந்த நிலத்தில் கேமரா வைத்து எண்ணியபோது நூறு சதுர கிலோமீட்டருக்கு 4.8 வளர்ந்த சிறுத்தைகள் இருந்தன. அவை எதைத் தின்றன என்றும் பார்த்தார்கள், எச்சத்தைப் பொறுக்கிக் காயவைத்து, மயிரைப் பிரித்து. (ஏசி அறையில் சிறுத்தைச் சாணம் கிடைப்பதில்லை என்பதை அன்பர் கவனிக்க.) இரையில் 87 விழுக்காடு வளர்ப்பு விலங்குகள், அதில் முதலிடம் நாய்க்கு, 39 விழுக்காடு.

இந்த இடத்தில்தான் கட்டுரையாளர் வேகமாகப் பக்கத்தைத் திருப்புகிறார், காரணத்தோடு. ஊதியூர் மலைப் பக்கம் 2023இல் சிறுத்தை ஆடடித்தது என்று பொங்குகிறவர், காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரத்தில் பட்டி பட்டியாக ஆடுகளைக் குதறிப்போடும் தெருநாய்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி இழப்பீடு கேட்ட விவசாயிகள் சிறுத்தைக்காகவா போராடினார்கள்? அந்த நாய்கள் எதைத் தின்று பெருகின? பல்லடம் கறிக்கோழித் தொழிலிலிருந்தும் சாலையோர இறைச்சிக் கடைகளிலிருந்தும் ஓடைப் பள்ளங்களில் மூட்டை மூட்டையாகக் கொட்டப்படும் கோழிக் கழிவை. கழிவு நாயைக் கூட்டுகிறது, நாய் சிறுத்தையைக் கூட்டுகிறது. சங்கிலியின் முதல் கண்ணியில் நம்மவர் யாரேனும் இருப்பார்கள் என்பதால் கடைசிக் கண்ணியை மட்டும் பிடித்து லாரியில் ஏற்றச் சொல்வது வசதியான கோபம். கழிவைக் கையாள்வதற்குச் செலவு உண்டு. கூண்டுச் செலவு வனத்துறையுடையது.

கிளுவை வேலி போட்ட கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் ராத்திரி காவலின்றி விட்ட ஆடு நாய்க்கும் இரை, சிறுத்தைக்கும் இரை. மேலே மூடிய உறுதியான பட்டி இரண்டையும் தடுக்கும். இணக்க ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதுபோன்ற சில்லறைக் காரியங்களைத்தான். அதில் வீரம் இல்லை. அதனால்தான் அன்பருக்கு ருசிக்கவில்லை.

அடுத்து வெள்ளைக்காரன். ‘அவன் ஊரில் ஓநாயைக் கொன்று தீர்த்துவிட்டு நமக்கு உபதேசம் செய்கிறான்’ என்கிறார். செய்தி பழசு. அன்பர் பனியன் அனுப்பும் ஜெர்மனியில் 2000 முதல் ஓநாய்கள் மறுபடி குட்டி போடுகின்றன. இன்று இருநூறு கூட்டங்களுக்கு மேல். சண்டை இல்லையா? உண்டு. 2025இல் ஐரோப்பிய ஒன்றியம் ஓநாய்க்கான பாதுகாப்பை ஒரு படி இறக்கவும் செய்தது. ஆனால் அங்கே வேலியைப் பற்றியும் காவல்நாயைப் பற்றியும் இழப்பீட்டைப் பற்றியும் தரவை வைத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறார்கள். வெளிநாட்டுப் பணம் ஆய்வாளனைக் கெடுக்கும், ஆர்டராக வந்தால் கெடுக்காது என்பது எந்த சித்தாந்தம்?

கட்டுரையில் கனமான பத்தி ஒன்றே ஒன்றுதான். அதைக் கேலி செய்யமாட்டேன். 2025 ஜூனில் வால்பாறை பச்சமலை எஸ்டேட்டில் ஜார்க்கண்ட் தொழிலாளியின் சின்னஞ்சிறு மகளைச் சிறுத்தை தூக்கிப்போனது. அந்தத் தாய்க்கு முன்னால் எந்தச் சராசரியும் எடுபடாது. ஆனால் அந்தக் குழந்தையைத் தம் வாதத்துக்கு முட்டுக்கொடுக்க நிறுத்துகிறவரிடம் கேட்க எனக்கு உரிமை உண்டு. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக அந்தத் தேயிலை மலையில் வேலை செய்கிறார்கள். அங்குள்ள சிறுத்தைகளின் உணவு பெரும்பாலும் காட்டு இரையே என்றும் காட்டியிருக்கிறார்கள். அந்தி நேரம், தொழிலாளர் லயத்தை ஒட்டிய புதர், விளக்கில்லாத வாசல், வெளியே போயாக வேண்டிய கழிப்பிடம்: ஆபத்து இவை கூடும் இடத்தில் இருக்கிறது. பச்சமலையில் கூண்டு வைத்தார்கள், சிறுத்தையும் சிக்கியது. வால்பாறையின் பயம் தீர்ந்ததா? லயத்துக்கு விளக்குப் போடு, வீட்டோடு கழிப்பறை கட்டு, சுற்றியுள்ள புதரை வெட்டு என்று சொன்னால் அது முதலாளியின் பட்ஜெட்டில் வந்து விழும். அதே கட்டுரையின் நான்காம் பக்கத்தில் ‘வடக்கத்திப் பசங்களால் ஊர் கெட்டது’ என்று புலம்பும் பேனா, மூன்றாம் பக்கத்தில் அவர்கள் வீட்டுக் குழந்தைக்காக அழுவதை நான் நம்பவேண்டுமா?

போன வருட இதழில் இவரே நஞ்சராயன் குளம் 2024இல் ராம்சர் பட்டியலில் ஏறியதற்குத் திருப்பூரின் பெருமை என்று பாராட்டுப் பத்திரம் வாசித்தவர். பறவை வந்தால் பெருமை, சிறுத்தை வந்தால் படையெடுப்பு. இயற்கை நம் ஊருக்குச் சிறகோடு வரலாம், பல்லோடு வரக்கூடாது.

அடுத்த இதழில் அவர் பதில் எழுதக்கூடும். அப்படி எழுதினால் இரண்டு விவரங்களை மட்டும் சேர்த்துவிடுங்கள், ஐயா: ஊதியூரில் பிடித்தால் அதை இறக்கிவிட எந்தக் காட்டில், எந்தக் கிராமத்தின் பக்கம் இடம் பார்த்து வைத்திருக்கிறீர்கள், அந்தக் கிராமத்தாரிடம் கேட்டாகிவிட்டதா?