‘ஹவுஸ்ஃபுல்’ போர்டும் காலி இருக்கைகளும்: வளைகுடா மைதானங்களில் யாருக்கு இடம்?

துபாயில் இந்தியா விளையாடும் ஆட்டம் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து நமது வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான் சுற்றி வரும். “அண்ணே, டிக்கெட் இருக்கா?” இணையதளத்தில் ‘விற்றுத் தீர்ந்தது’ என்று காட்டும். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் இருமடங்கு விலை சொல்வார். கடைசியில் அறையில் எட்டுப் பேராக ஒரு டிவியைச் சுற்றி உட்காருவோம். சிக்ஸர் பறக்கும். பந்து போய் விழும் இடத்தைக் கேமரா காட்டும். அங்கே வரிசையாகக் காலி இருக்கைகள். ஆட்டத்தை மறந்து அறையில் அனைவரும் ஒருமுறை பெருமூச்சு விடுவோம்.

இது அமீரகத்தின் தனிச் சிக்கல் கிடையாது. கத்தாரிலும் பார்த்தோம், நம் ஊர்களிலும் பார்க்கிறோம். ஆனால் வளைகுடாவில் அந்தக் காலி இருக்கைக்கு ஒரு கூடுதல் பொருள் உண்டு. ஆட்டத்தை நேரில் பார்க்க ஏங்கும் பல்லாயிரம் பேர் அந்த மைதானத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் ஏன் இருக்கை காலியாகக் கிடக்கிறது?

விற்றது டிக்கெட், வந்தது யார்?

‘விற்றுத் தீர்ந்தது’ என்ற சொல் நம்மைக் குழப்புகிறது. பொதுவிற்பனைக்கென ஒதுக்கியவை தீர்ந்துவிட்டன என்பதே அதன் பொருள். மைதானத்தின் எல்லா இருக்கைகளும் பொதுவிற்பனைக்கு வருவதில்லை. விளம்பரதாரர், ஒளிபரப்பு நிறுவனம், கிரிக்கெட் வாரியங்கள், விருந்தினர் மாடங்கள் என்று ஒரு பங்கு முதலிலேயே போய்விடுகிறது. இலவசமாகக் கிடைத்த பாஸுக்கு மதிப்புக் குறைவு. வேலை வந்தால், தலைவலி வந்தால், போக்குவரத்து நெரிசல் என்று கேள்விப்பட்டால் அது மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடும். விருந்தினர் மாடத்தில் சாப்பாட்டுக்கு எழுந்தவர்கள் இடைவேளை முடிந்தும் திரும்புவதில்லை. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடுவளையத்தில் இருக்கும் உயர்விலை இருக்கைகள் இரண்டாம் பாதி தொடங்கும்போது காலியாக இருப்பது பல ஆண்டுகளாக அங்குள்ள ரசிகர்களின் புகார்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் இது பெரிய சங்கடமாக வெடித்தது. டிக்கெட் கிடைக்காமல் உள்ளூர் மக்கள் கொதித்துக்கொண்டிருக்க, விளையாட்டு அமைப்புகளுக்கும் விருந்தினர்களுக்கும் ஒதுக்கிய வரிசைகள் வெறிச்சோடிக் கிடந்தன. படைவீரர்களையும் மாணவர்களையும் ஆசிரியர்களையும் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்.

அடுத்தது கள்ளச்சந்தை. மொத்தமாக வாங்கி வைப்பவர் கடைசி நிமிடம்வரை விலையை இறக்க மாட்டார். பத்து டிக்கெட்டில் ஆறு நல்ல விலைக்குப் போனாலே அவருக்கு லாபம். மீதி நான்கு டாஸ் போட்டதும் செத்துப்போகும். அவருக்கு நட்டமில்லை, மைதானத்தில் நான்கு இருக்கைகள் காலி.

மூன்றாவது, தொகுப்பு விற்பனை. 2025 ஆசியக் கோப்பைக்கு டிக்கெட் விற்பனை தொடங்கியபோது இந்தியா–பாகிஸ்தான் ஆட்டத்தைத் தனியாக வாங்க முடியவில்லை. ஏழு ஆட்டங்கள் சேர்ந்த தொகுப்பாகத்தான் கிடைத்தது. ஆரம்ப விலை 1,400 திர்ஹம். ஒரே ஒரு ஆட்டத்துக்காக அதை வாங்கியவர் மற்ற ஆறுக்கும் போவாரா? போகாவிட்டாலும் அந்த ஆறு இருக்கைகள் கணக்கில் விற்றவைதான். விற்பனை மந்தம் என்று செய்திகள் வந்தபின் தனி டிக்கெட்டும் வந்தது. பஹல்காம் தாக்குதலுக்குப் பின் எழுந்த புறக்கணிப்புக் குரல்களும் அந்த மந்தத்துக்கு ஒரு காரணம் என்பதை மறுக்க வேண்டியதில்லை.

நேரம் யாருக்கு வசதி?

அமீரகத்தில் டி20 ஆட்டம் மாலை 6.30க்குத் தொடங்கினால் இந்தியாவில் இரவு 8 மணி. ஒருநாள் ஆட்டம் இங்கே பகல் 1 மணி என்றால் அங்கே 2.30. கடிகாரம் இந்தியத் தொலைக்காட்சிக்காக ஓடுகிறது. பணம் அங்கிருந்து வருவதால் அதில் வியப்பும் இல்லை.

இந்திய அணி பாகிஸ்தானுக்குப் போக மறுத்ததால் 2025 சாம்பியன்ஸ் டிராபியில் அதன் ஆட்டங்கள் துபாய்க்கு வந்தன. தொடக்க விலை 125 திர்ஹம். பிப்ரவரி 23 பாகிஸ்தான் ஆட்டம் ஞாயிறு. டிக்கெட் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்தது. ஆனால் பிப்ரவரி 20 வங்கதேச ஆட்டம் வியாழக்கிழமை, பகல் 1 மணி. அலுவலகத்தில் இருப்பவருக்கு ஒருநாள் விடுப்பு வேண்டும். கட்டட வேலையில் இருப்பவருக்கு ஒருநாள் கூலி போகும். டிக்கெட் வைத்திருப்பவர்கூட மாலை வேலை முடிந்து இரண்டாவது இன்னிங்ஸுக்குத்தான் ஓடிவர முடியும்.

வயதில் மூத்தவர்கள் ஷார்ஜாவை நினைத்துப் பார்க்கலாம். 1998 ஏப்ரல் 24, சச்சின் தமது 25ஆவது பிறந்தநாளில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 134 ஓட்டங்கள் எடுத்த அந்த இறுதி ஆட்டம் நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அன்று இங்கே விடுமுறை நாள் வெள்ளிதான். மைதானம் ஊருக்குள்ளேயே இருந்தது. பகிர்ந்து ஏறிய டாக்ஸியிலும் நடந்தும் போனவர்கள் ஏராளம். ஷார்ஜா நிரம்பியதற்குச் சச்சின் ஒரு காரணம் என்றால், நாளும் தூரமும் மற்ற காரணங்கள்.

2009இல் திறக்கப்பட்ட துபாய் சர்வதேச மைதானம் 25,000 பேர் அமரக்கூடியது, அழகானது. ஆனால் ஸ்போர்ட்ஸ் சிட்டியில் இருக்கிறது. மெட்ரோ அதன் வாசல்வரை போவதில்லை. சோனாப்பூர் தொழிலாளர் முகாமிலிருந்து பார்த்தால் நகரத்தின் மறுகோடி. ஆட்டம் முடிந்து இரவு பதினொன்றுக்கு வெளியே வருபவர் டாக்ஸி பிடித்து, காலை நான்கரைக்குக் கம்பெனிப் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்க வேண்டும். டாக்ஸி வாடகையையும் டிக்கெட் விலையோடு சேர்த்தால்தான் அவருடைய உண்மையான செலவு தெரியும். மாதம் 1,000 திர்ஹம் வாங்குபவருக்கு 125 திர்ஹம் என்பது மூன்று நாள் கூலிக்கும் மேல். அந்தப் பணத்தை ஊருக்கு அனுப்பினால் பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை எடுக்கலாம் என்றுதான் அவர் மனம் கணக்குப் போடும்.

கத்தார் காட்டிய கணக்கு

2022 கால்பந்து உலகக் கோப்பையின் இரண்டாம் நாள் அது. நவம்பர் 21, தோஹா அல் துமாமா மைதானத்தில் செனகல்–நெதர்லாந்து. மைதானத்தின் கொள்ளளவு 40,000 என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பார்வையாளர் எண்ணிக்கை 41,721 என்று அறிவித்தார்கள். தொலைக்காட்சியிலோ காலி இருக்கைகள் கண்ணில் பட்டன. கேள்விகள் எழுந்தபின் மைதானங்களின் கொள்ளளவு திருத்தி வெளியிடப்பட்டது. அல் துமாமாவுக்கு 44,400. அப்படியென்றால் அவர்கள் கணக்கிலேயே அன்று 2,679 இருக்கைகள் காலி. ‘நிரம்பி வழிந்தது’ என்று தோன்ற வைத்த எண், கொள்ளளவு திருத்தப்பட்டதும் ‘நிரம்பவில்லை’ என்று ஆகிவிட்டது.

அதே நாளில் இங்கிலாந்து–ஈரான் ஆட்டத்தில் வேறு காரணம். டிக்கெட் இருந்த கைப்பேசிச் செயலி பழுதாகி, பணம் கொடுத்து வாங்கியவர்களே வாசலில் தவித்தார்கள். ஆட்டம் தொடங்கியபோது அவர்கள் இருக்கைகளும் காலி. ஆக, காலி இருக்கைகள் அனைத்துக்கும் ஒரே காரணம் சொல்ல முடியாது.

கத்தார் ஒரு நல்ல காரியமும் செய்தது. உள்நாட்டில் வசிப்பவர்களுக்கென்று 40 ரியாலில் ஒரு டிக்கெட் வகை வைத்தது. அங்கே குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் மாதம் 1,000 ரியால். ஏறத்தாழ ஒருநாள் கூலிக்கு உலகக் கோப்பை! ஆனால் அத்தகைய இருக்கைகள் அளவானவை. பெரும்பாலான தொழிலாளர்கள் ஏசியன் டவுன் கிரிக்கெட் மைதானத்தில் வைத்த பெரிய திரையில்தான் ஆட்டம் பார்த்தார்கள்.

நிரப்ப அழைப்பதும் பார்க்க அழைப்பதும்

நமக்கு வலிக்கும் இடம் இனிமேல்தான் வருகிறது. 2019இல் தோஹாவில் உலகத் தடகளப் போட்டி. கலீஃபா மைதானத்தில் மேலடுக்கை மூடி, இருக்கைகளைச் சுமார் 21,000 ஆகக் குறைத்தும் கூட்டம் சேரவில்லை. செப்டம்பர் 29 இரவு ஜமைக்காவின் ஷெல்லி ஆன் ஃபிரேசர் பிரைஸ் 100 மீட்டரில் உலகப் பட்டம் வென்று, மகனைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தபோது கைதட்ட ஆளில்லை. நேரம் இரவு பதினொன்றைத் தாண்டியிருந்தது. அந்தப் போட்டியில் இருக்கைகளை நிரப்பப் புலம்பெயர் தொழிலாளர்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச டிக்கெட் கொடுத்துப் பேருந்தில் அழைத்து வந்ததாக ‘கார்டியன்’ எழுதியது. அதற்கு முன் 2014இல், கத்தாரில் சில போட்டிகளுக்குத் தொழிலாளர்கள் 30 ரியால் பெற்றுக்கொண்டு பார்வையாளராக வந்து உட்கார்ந்ததை அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளியிட்டது.

அப்படிப் போனவர்களை நாம் குறை சொல்லப் போவதில்லை. அறைக்குள் அடைந்து கிடப்பதைவிட ஒரு மாலை வெளியே போய்வருவது மேல். 30 ரியாலும் பணம்தான். ஆனால் வேண்டியபோது கூப்பிட்டு உட்கார வைப்பதும், அவர் விரும்பிய ஆட்டத்துக்கு அவரால் வாங்கக்கூடிய விலையில் ஒரு டிக்கெட் வைப்பதும் ஒன்றாகிவிடாது. முதலாவதில் அவர் கேமராவுக்கான பின்னணித் துணி. இரண்டாவதில்தான் அவர் ரசிகர்.

2022இல் தோஹா வீதிகளில் அர்ஜென்டினா, இங்கிலாந்து சட்டை அணிந்து மேளம் கொட்டிய கேரளத்துச் சகோதரர்களை ‘காசுக்கு வந்த போலி ரசிகர்கள்’ என்று வெளிநாட்டு ஊடகங்கள் சில சந்தேகித்தது நினைவிருக்கிறதா? மலப்புறத்துக்காரர் மெஸ்ஸிக்காக உயிரை விடுவார் என்பது அவர்களுக்குத் தெரியாது. தொழிலாளர்களைக் கூலிக்கு உட்கார வைத்த பழைய கதைகள்தான் அந்தச் சந்தேகத்துக்கு விதை. உண்மையான ரசிகர்களின் பெயரும் அதனால் கெட்டது.

நம் ஊரும் நாமும்

வளைகுடாவை மட்டும் பேசினால் நியாயமாகாது. சேப்பாக்கத்தில் ஐ, ஜே, கே காலரிகள் 2011 உலகக் கோப்பைக்காகக் கட்டப்பட்டு, கட்டட அனுமதிச் சிக்கலில் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. ஏறத்தாழ 12,000 இருக்கைகள். டிக்கெட்டுக்கு விடிய விடிய வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பியவர்கள் டிவியில் அந்தக் காலி காலரிகளைப் பார்த்தார்கள். 2019 ஐபிஎல் இறுதி ஆட்டம் சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்குப் போனதே அதனால்தான். 2023 அக்டோபர் 5, ஒருநாள் உலகக் கோப்பையின் முதல் ஆட்டம் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கைகள் கொண்ட அகமதாபாத்தில் வெறிச்சோடிய அரங்கில் தொடங்கியதையும் உலகமே பார்த்தது.

நம் கையிலும் கறை உண்டு. சங்கங்களுக்கும் நிறுவனங்களுக்கும் கிடைக்கும் பாஸ்கள் எங்கே போகின்றன? பொறுப்பாளர், அவர் நண்பர், நண்பரின் மைத்துனர் என்று சுற்றி, ஆட்டம் தொடங்கிய பிறகு “ரெண்டு பாஸ் சும்மா இருக்கு, யாருக்காவது வேணுமா?” என்று குழுவில் ஒரு செய்தி வரும். முகாமில் இருக்கும் தம்பி அந்நேரம் எப்படிப் புறப்பட்டு வருவார்? காலை பத்து மணிக்கே அதைக் கேட்டிருக்கலாம்.

செய்யக்கூடியவை கடினமானவை இல்லை. விற்ற டிக்கெட் எத்தனை, வாசலில் ஸ்கேன் ஆனது எத்தனை என்று இரண்டு எண்களையும் ஏற்பாட்டாளர்கள் சொல்லட்டும். வர முடியாதவர் அதே விலைக்குத் திருப்பிக் கொடுக்க எளிய வழி இருக்கட்டும். விம்பிள்டனில் சீக்கிரம் கிளம்புபவர் விட்டுப்போகும் இருக்கையை வரிசையில் நிற்பவருக்குச் சிறு தொகைக்கு விற்று, அந்தப் பணத்தை அறக்கொடைக்குத் தருகிறார்கள். இங்கே ஏன் முடியாது? ஒருநாள் கூலி விலையில் ஒரு காலரியை ஒதுக்கி, அட்டையும் செயலியும் இல்லாமல் முகாமிலேயே எமிரேட்ஸ் ஐடியைக் காட்டி வாங்க வழிசெய்யலாம். போகவரப் பேருந்தும் விடலாம். இருக்கைகளை நிரப்பப் பேருந்து விட முடிந்தவர்களுக்கு, டிக்கெட் வாங்கியவரை அழைத்துவரப் பேருந்து விடுவது பெரிய காரியமா?

நம் பங்குக்கு, கையில் இருக்கும் பாஸை முதல்நாள் இரவே கொடுத்துவிடுவோம். போகிறவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போவோம். இந்த மைதானங்களுக்குக் கம்பி கட்டியவர்களும், கான்கிரீட் போட்டவர்களும், இருக்கைகளைத் திருகி முடுக்கியவர்களும் நம்மோடு அறையில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த ஆட்டத்தில் அவர்களில் ஒருவராவது தான் பொருத்திய இருக்கையில் உட்கார்ந்து பார்க்கட்டும்.